ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தமிழ்ப் பிராமியை முன்வைத்து

நான்கு நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுத்து, அவற்றைக் கோவையாக எழுதிவிட்டாலே ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது தொகுப்பு. ஒரு கேள்வியை வரையறுத்துக்கொண்டு, அதற்குரிய சான்றுகளை முறையாகத் திரட்டி, தன் முடிவு எந்த இடத்தில் பிழைபடக்கூடும் என்பதையும் தானே சோதித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

இதில் தலையாய தவறு, விடையை மனத்தில் வைத்துக்கொண்டு சான்றுக்குள் நுழைவது. தேர்ந்த அறிஞர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். இந்தியாவின் பழைய எழுத்துமுறையான பிராமியைத் தமிழுக்கேற்ப மாற்றிக்கொண்ட வடிவமே தமிழ்ப் பிராமி. அதில் அமைந்த, மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882இல் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. பிராமி எழுத்து என்றால் மொழி பாலியோ பிராகிருதமோதான் என்ற எண்ணத்தோடு தொடக்கத்தில் அவற்றை அணுகியதால், வாசகம் பொருள்படவில்லை. அசோகர் கல்வெட்டு முறையில் குறியேதும் இல்லாத எழுத்து அகரம் ஏறிய மெய் (க); பக்கத்தில் சிறு கோடு சேர்ந்தால் நெடில் (கா). தமிழகக் குகைகளின் பழைய முறையிலோ குறியற்ற எழுத்து வெறும் மெய் (க்). கோடு சேர்ந்தால் இடத்துக்கேற்ப அகரமாகவோ ஆகாரமாகவோ கொள்ள வேண்டும். ஆகவே ‘மகன்’ என்று வெட்டப்பட்டதை அசோகர் முறையில் படித்தால் ‘மாகான’ என்றாகிவிடும். ழ, ற, ன போன்ற தமிழுக்குரிய எழுத்துகள் இருப்பதையும், வடமொழியின் வர்க்க எழுத்துகள் (ககரத்துக்கு இனமான kh, g, gh போன்றவை) பெரிதும் இல்லாமலிருப்பதையும் கவனித்து, இவை தமிழே என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவினார். புதிய சான்று எதுவும் அவருக்குக் கிடைத்துவிடவில்லை. கண்ணெதிரே இருந்ததையே அவர் வேறு கேள்வியோடு பார்த்தார்.

கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படியை மட்டும் நம்புவது அடுத்த தவறு. மைப்படியில் பாறையின் வெடிப்பும் கோடாகத் தெரியும். சாய்வெயிலில் தெளிவாகத் தெரியும் எழுத்து உச்சிவெயிலில் மறைந்துவிடும் என்பதைப் பாறை முன்னால் நின்றவர்கள் அறிவார்கள். மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை 1965இல் படித்துக் காட்டிய கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன், குகை குகையாக நேரில் சென்று படியெடுத்தவர்.

சான்று எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் அதைப் பேசவைப்பதும் பரவலான தவறு. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அங்கே கிடைத்த, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓட்டையே கரிமக் கணிப்புக்கு அனுப்பியதுபோல் பலரும் இதை எழுதுகிறார்கள். அந்தக் கணிப்பு உயிர்ப்பொருளுக்கு உரியது. ஓடும் அதே காலத்தது என்று சொல்ல, இரண்டும் கலையாத ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்பதைத் தனியே காட்ட வேண்டும். தொன்மையின்மேல் பற்று இருப்பதில் குற்றமில்லை, ஆனால் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

மூலத்தைப் பார்க்காமல் பிறர் மேற்கோளை எடுத்தாள்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல்வெட்டில் அதற்குத் தனி ஆபத்து உண்டு. ஐயத்துக்குரிய எழுத்தைப் பதிப்பாசிரியர் சதுர அடைப்புக்குள் இடுவார். எடுத்தாள்பவர் அழகு கருதி அடைப்பை நீக்கிவிடுவார். அவர் கட்டுரையிலிருந்து எடுப்பவருக்கு, அங்கே ஓர் ஐயம் இருந்ததே தெரியாது.