இரண்டடி உப்புநீர்த் தொட்டிக்கு எந்த வேவ்மேக்கர்?

என் மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம். கணக்குப்படி 70 லிட்டர். கல்லும் மணலும் போக நிற்பது 55 லிட்டர்தான். வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப், வாங்கக் கிளம்பும் முன் நீங்களும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. "பெரிசாவே போட்டுக்கோங்க சார், கடல்தானே" என்று கொளத்தூரில் ஒரு கடையில் மணிக்கு 5000 லிட்டர் தள்ளும் பம்பைக் கொடுத்தார்கள். வேகத்தைக் குறைக்கவே முடியாத ஏசி மோட்டார். மறுநாள் காலை ஒரு மூலையில் தரைக் கண்ணாடி தெரிந்தது, மணலெல்லாம் எதிர்மூலையில் குவியல். கோமாளி மீன்கள் இரண்டும் வடிகட்டிக்குப் பின்னால் ஒண்டியிருந்தன. உள்ளங்கை அகலம் விரியும் காளான் பவளம் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க மனசே வரவில்லை.

மென்பவளம் வைத்திருப்பவருக்கு, தொட்டி நீரைப்போல் 15 முதல் 20 மடங்கு ஒரு மணி நேரத்தில் சுழன்றால் போதும். எனக்கு அது சுமார் 825 முதல் 1100 லிட்டர். வெளிநாட்டு வீடியோக்களில் 40 மடங்கு என்பார்கள். அது கல் பவளங்களுக்கான கணக்கு. அவை இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வீட்டில் வைக்கவே கூடாது. அதனால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நான் இப்போது ஓட்டுவது அதிகபட்சம் 2000 லிட்டர் தள்ளும் டிசி பம்ப், பாதி வேகத்தில். கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், விட்டுவிட்டு ஓடும்படி வைக்கலாம், கரண்டும் குறைவாக எடுக்கும். பம்ப் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் இறங்கும். மே மாதத்தில் 30 டிகிரியைத் தொடும் தொட்டியில் ஒவ்வொரு வாட்டும் கணக்குத்தான். கரண்ட் போனாலும் சின்ன இன்வர்ட்டரிலேயே நெடுநேரம் ஓடுகிறது.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் நடுத்தண்டு பீங்கானாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு என்றால் உப்பில் துருப்பிடித்துவிடும். பம்ப் காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டும் வகையானால், எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடிவரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிரை வளர்ப்பவர்கள் உறிஞ்சும் பக்கத்துக்கு நெருக்கமான வலையோ ஸ்பாஞ்சோ போட்டே ஆக வேண்டும். அனிமோன் இரவில் நகர்ந்து போய்ச் சிக்கினால் கிழிந்துவிடும், தொட்டித் தண்ணீரும் கெட்டுவிடும்.

சரி, வாங்கியாச்சு. பக்கவாட்டுக் கண்ணாடியில், தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே ஒட்டி, முகத்தை லேசாக மேல்நோக்கித் திருப்புங்கள். மேற்பரப்பு கலங்கினால்தான் காற்று கலக்கும், வெயில் காலத்தில் அது உயிர் காக்கும். அப்புறம் ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு மூலையில் அழுக்குத் தங்கினால் கோணத்தை மாற்றுங்கள். பவளம் ஒரே பக்கமாகச் சாய்ந்தே கிடந்தால் வேகத்தைக் குறையுங்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே வளைவாகத் தொங்கவிடுங்கள். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மாதம் ஒருமுறை கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். சுண்ணாம்பு படிந்தால் கரகரவென்று சத்தம் போடும். முதலில் தேய்வது இம்பெல்லர்தான். அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு பம்ப்பைப் பாருங்கள்.