அதிகக் கிட்டப்பார்வை: கண்ணாடியின் ஓரத்தில் காட்சி கோணினால் செய்ய வேண்டியவை

மைனஸ் ஆறுக்கு மேல் பவர் உள்ளவர்கள் புதுக் கண்ணாடியை மாட்டியதும் கடைக்காரரிடம் சொல்வது பெரும்பாலும் "ஓரமெல்லாம் கோணலாத் தெரியுதுங்க" என்பதுதான். "பழகப் பழகச் சரியாயிருமுங்க" என்ற பதில் கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் ஒன்றுபோலக் கிடைக்கும். பல வேளைகளில் அந்தப் பதில் சரியே. ஆயினும், கண்ணாடியைத் தவறாகச் செய்ததால் வரும் கோணலும் உண்டு. விழித்திரையிலேயே தொடங்கும் கோணலும் உண்டு. அவ்விரண்டையும் பழக்கத்திடம் விட்டுவிடக் கூடாது.

கோணல் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். பவானி ஜமக்காளம் ஒன்றை அதன் பட்டைகள் செங்குத்தாக வரும்படி சுவரில் தொங்கவிட்டு, இரண்டு முழத் தொலைவில் நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி நடுப்பட்டையை நேராகப் பாருங்கள். பிறகு தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் ஓரத்துப் பட்டைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்தப் பட்டை வெளிப்புறமாக வளைந்து தெரிந்து, முகத்தையே அதை நோக்கித் திருப்பியதும் நேராகிவிட்டால், வளைவு கண்ணாடியுடையது. நேருக்கு நேர் பார்க்கும்போதும் பட்டை நெளிந்தாலோ நடுவில் ஓரிடம் மங்கினாலோ, கண்ணையே சந்தேகிக்க வேண்டும். அடுத்த கண்ணுக்கும் தனியாக இதையே செய்யுங்கள். ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும்.

அதிகப் பவர் உள்ளவர்களுக்குக் கண்ணாடியே இல்லாமல் செய்துபார்க்கும் வசதியும் இருக்கிறது. 100ஐ உங்கள் பவரால் வகுத்தால் வரும் சென்டிமீட்டர் தொலைவில் உங்கள் வெறுங்கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரியும். மைனஸ் பத்துக்கு அது 10 செ.மீ., மைனஸ் எட்டுக்கு 12.5 செ.மீ. அந்தத் தொலைவில் கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை வைத்து, ஒவ்வொரு கண்ணாலும் நடுக்கட்டத்தைப் பாருங்கள். கண்ணாடி இல்லாதபோதும் கோடுகள் வளைந்தால் குற்றம் லென்ஸுடையதன்று.

லென்ஸ் ஏன் இப்படிச் செய்கிறது? மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பதால், நடுவை விட்டு விலக விலக ஒளியை அதிகமாகத் திருப்புகிறது. மைனஸ் பத்து லென்ஸின் நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளிப் பார்த்தால், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் தன் இடத்திலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. நடுப்பக்கமாக நகர்ந்து தெரியும். இதனால்தான் வலப்பக்கம் முந்திவரும் வண்டி ஃபிரேமுக்கு வெளியே மங்கலாக ஒருமுறையும் லென்ஸுக்குள் தெளிவாக மறுமுறையும் தோன்றுகிறது. கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி அமர்ந்த அதே லென்ஸ், எல்லாப் பொருள்களையும் சுமார் 11 சதவீதம் சிறிதாக்கியும் காட்டும். டியூப் லைட்டின் விளிம்பில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் கசிவது நிறங்கள் தனித்தனியாகப் பிரிவதன் விளைவு. திருப்பூரில் வெள்ளைத் துணியைச் செக்கிங் செய்பவர்களுக்கு இது நாள் முழுவதும் உறுத்தும்.

இவற்றை அடியோடு நீக்க முடியாது. ஆனால் கண்ணாடி வாங்கும்போது எடுக்கும் முடிவுகளால் வெகுவாகக் குறைக்க முடியும். பெரும்பாலோர் லென்ஸின் விலையைப் பற்றியே யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது ஃபிரேமின் அளவு. காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் 46, 20 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம். இரண்டையும் கூட்டினால் வரும் 66, உங்கள் இரு கருவிழிகளின் மையங்களுக்கு இடையிலான தூரமான பி.டி. அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். அகலம் 48க்கு மேற்படாத, உருண்டை அல்லது முட்டை வடிவ ஃபிரேம் அதிகப் பவருக்கு ஏற்றது. முகத்தை நிறைக்கும் பெரிய ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அது தடித்த ஓரத்தையும் கூடுதல் கோணலையும் சேர்த்தே தருகிறது.

பி.டி.யை இரு கண்களுக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் மூக்கின் நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக இருப்பது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. லென்ஸில் கருவிழி எந்த உயரத்தில் வருகிறது என்ற அளவையும் நீங்கள் தேர்ந்த ஃபிரேமை மாட்டிக்கொண்டு நேராகப் பார்க்கும்போதே குறிக்க வேண்டும். மூக்குத் தாங்கியைச் சரிசெய்து, இமைமுடி உரசாத அளவுக்கு லென்ஸைக் கண்ணருகே கொண்டுவந்தால் காட்சி சுருங்குவது குறையும்.

லென்ஸைப் பொறுத்தவரை, ஓரத்தை நோக்கி வளைவு படிப்படியாக மாறும் அஸ்பெரிக் வகை ஓர வளைவை ஓரளவு தணிக்கும். ஒளியை அதிகமாகத் திருப்பும் பொருளாலான ஹை இண்டெக்ஸ் லென்ஸ் ஓரத்தின் தடிமனைக் குறைக்குமே தவிர நிறக் கசிவைக் குறைக்காது. நிறம் பிரியாமையைக் குறிக்கும் அபே எண் (கூடக் கூட நல்லது) சாதாரண பிளாஸ்டிக்கான சிஆர் 39க்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30, இண்டெக்ஸ் 1.67 உள்ள லென்ஸுக்குச் சுமார் 32, 1.60 உள்ளதற்குச் சுமார் 41. ஆகவே, சிறிய ஃபிரேமில் மைனஸ் எட்டு வரை உள்ளவர்களுக்கு 1.60 போதும் என்பேன். அடிபட்டால் உடையாமை முக்கியமான சிறுவர்களுக்குப் பாலிகார்பனேட்டே நல்லது.

புதுக் கண்ணாடியைக் காலையிலிருந்து தொடர்ந்து அணியுங்கள். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி அணிந்தால் மூளை எதற்கும் பழகாது. ஓரத்தில் உள்ளதைப் பார்க்க விழியை ஓட்டாமல் தலையைத் திருப்புங்கள். சென்னிமலைப் படிகளில் இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் முகவாயைக் குனித்து லென்ஸின் நடுவழியாகப் படியைப் பாருங்கள். இரு கண்களின் பவரும் மிகவும் வேறுபட்டால், கீழே பார்க்கையில் படி இரண்டாகவும் தெரியலாம். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் புதுக் கண்ணாடியோடு முதல் வாரத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டு வாரமாகியும் தலைவலியோ தலைச்சுற்றலோ நீடித்தால், கடைக்குத் திரும்பிச் சென்று, பவரையும் லென்ஸ் மையத்தையும் அவற்றை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்து உங்கள் கண்முன் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

காண்டாக்ட் லென்ஸ் விழியோடு சேர்ந்தே நகர்வதால் ஓரக் கோணல் ஏறக்குறைய மறைந்துவிடும். கண்ணாடியில் மைனஸ் பத்து என்றால் இதில் சுமார் மைனஸ் ஒன்பதே தேவைப்படும். ஆனால் நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்கிடையே வேலை செய்பவர்களுக்கு இது ஒத்துவராது. போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது.

கண்ணுக்குள் தொடங்கும் கோணலுக்கு வருவோம். அதிகக் கிட்டப்பார்வையில் விழி நீண்டு, விழித்திரை இழுபட்டு மெலிகிறது. திடீரெனக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் மின்னல் போல ஒளி வெட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருண்டாலோ, வலி இல்லை என்று காத்திராமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழித்திரை கிழிந்து பிரிவதன் அறிகுறிகள் இவை. நேர்க்கோடுகள் புதிதாக நெளிவதும் தாமதிக்கக் கூடியதன்று. அது விழித்திரையின் நடுவில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்ததால் இருக்கலாம். ஊசி மருந்தால் அவற்றைக் கட்டுப்படுத்த வழியுண்டு. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் விழியின் நீளம் குறைவதில்லை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவர்களுக்கும் வேண்டும். பார்வை நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமாவும் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அதிகமாக வருவதால் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பரிசோதனையில், சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவை விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து விட்ட பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். ஆகவே பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் செல்லுங்கள், பழைய பவர் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.