வெந்தய வரியனுக்கு ஓர் எருக்கஞ்செடி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் புறம்போக்கில் தானாக வளரும் எருக்கை வீட்டுத் தோட்டத்தில் நடப்போகிறேன் என்றால், ‘எருக்கு முளைத்த வீடு’ என்ற பழைய வசவுதான் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கு போன்ற பால் வடியும் செடிகளில்தான் என்பதால், அது வர வேண்டுமானால் இந்தச் செடிக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். நர்சரிகளில் கிடைக்கும், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மில்க்வீட் அமெரிக்காவிலிருந்து வந்தது. எருக்கும், வேலியில் படரும் உத்தாமணியும், நீல வரியன் முட்டையிடும் கொடிப்பாலையும் இங்கேயே இருக்கும்போது அதை விலை கொடுத்து வாங்குவானேன்?

எருக்கங்காய் முற்றி வெடித்தால் விதைகள் பஞ்சோடு பறந்துவிடும். ஆகவே காய் மஞ்சளாகத் தொடங்கும்போதே அதன்மேல் மெல்லிய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வெடித்தபின் பஞ்சை நீக்கி விதையை எடுத்துக்கொள்ளலாம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த ஆவணி, புரட்டாசியில், நாள் முழுதும் வெயில் விழும் இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் நேரடியாக விதைப்பது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி இது. மூன்றடி வளர்ந்த ஒன்றை ஆசையோடு பெயர்த்து நட்டு, பத்தே நாளில் காயவிட்டவன் நான். சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கும் என்பதால் குழியில் ஆற்றுமணல் கலந்து மேடாக்க வேண்டும். துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிட்டால் அதன்பின் தண்ணீரும் உரமும் அநேகமாகத் தேவைப்படாது.

கிளையை வெட்டும்போது கையுறை அவசியம். பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிராமல் சிறு பொதிகளாக இருப்பதால், அதைக் காலில் மாட்டி இழுத்துச் செல்லப் பலமுள்ள பெரிய கருவண்டுகளே (தச்சுத் தேனீக்கள்) வர வேண்டியிருக்கிறது. காலையில் அவை பூவைப் பிடித்துத் தொங்குவதைப் பார்ப்பதற்கே ஒரு செடி வைக்கலாம்.

இலையின் அடியில் வெந்தய வரியனின் குண்டூசித் தலையளவு வெண்முட்டை ஒவ்வொன்றாக இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு வரும் புழு இலையை ஓட்டையாக்குவதைக் கண்டு பதற வேண்டாம், அதற்காகத்தானே நட்டோம். தளிரில் அப்பும் மஞ்சள் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் உட்பட எந்த மருந்தும் தெளிக்காமல், தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தால் போதும். பீய்ச்சுமுன் அந்தத் தளிரில் முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த புழு சில சமயம் செடியை விட்டு நகர்ந்து, பக்கத்துப் பூந்தொட்டியின் விளிம்பில் பச்சைக் கூடாகத் தொங்கும். அந்தத் தொட்டியை நகர்த்த வேண்டாம். கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தால், மறுநாள் காலை சற்றுச் சீக்கிரமே எழுந்திருங்கள்.