ஜிப் மூடவில்லை என்பதற்காகக் கூடாரத்தைத் தூக்கிப் போட வேண்டாம்

மலையேற்றத்துக்கு வாங்கிய கூடாரமோ முதுகுப்பையோ வீணாகிவிட்டது என்று ஒதுக்குபவர்களிடம் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் துணி நன்றாகவே இருக்கும். கெட்டது ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னராகவோ, உட்பக்கப் பூச்சாகவோ, ஒரு தையலாகவோதான் இருக்கும்.

ரன்னரை இழுத்த பிறகும் பின்னாலேயே பற்கள் பிரிந்துகொண்டு வந்தால், பற்களைக் குறை சொல்ல வேண்டாம்; மணல் உரசி உரசி ரன்னரின் வாய் அகன்றிருக்கும். ஜிப்பைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, ரன்னரைத் தொடக்க முனைக்குக் கொண்டுவந்து, பற்கள் சேர்ந்து வெளிவரும் பக்கத்தின் இரு ஓரங்களையும் குறடால் மாறி மாறி மெல்ல அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவசியம். ஒரேயடியாக நெரித்தால் ரன்னர் விரிசல் விட்டுவிடும். விட்டாலும் பாதகமில்லை. அதன் அடியில் 5, 8, 10 என்று பொறித்திருக்கும் அளவையும், பல் சுருளாக ஓடுகிறதா தனித்தனியாக நிற்கிறதா என்பதையும் பார்த்துப் பை தைப்பவரிடம் சொன்னால், முனைத் தையலைச் சிறிது பிரித்து, ரன்னரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்.

கூடாரத்தின் உட்பக்கம் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால், நீர் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தால் சிதைந்திருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போடும் பழக்கத்தால் என் முதல் கூடாரத்தை நானே இப்படிக் கெடுத்தேன். ஒரு சித்திரையில் எடுத்து விரித்தபோது தரைத்துணி மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்க வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய பூச்சை முழுவதும் தேய்த்தெடுத்து, கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே புதிதாகப் பூச வேண்டும். இங்கே ஒரு தவறு நேரக்கூடும்: பாலியூரித்தேன் பூசிய துணியில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது, சிலிக்கோன் பூசிய துணியில் பாலியூரித்தேன் பிடிக்காது. தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையே.

கிழிசலுக்கு நல்ல ஒட்டுத்துணி, கம்பி ஒடிந்த பழைய குடையிலிருந்து கிடைக்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரிய மூலைதான் முதலில் உரியும். கிழிசலைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு இருபுறமும் ஒட்டினால் போதும்.

மழைக் கோட்டின் வெளித்துணி நீரை உறிஞ்சத் தொடங்கினால் அது பெரும்பாலும் ஓட்டை அல்ல, அழுக்கு. மென்மையான சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள். துணி மென்மையாக்கி கூடாது. கோட்டில் தைத்திருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட, பெரும்பாலும் நீர் மறுபடி முத்து முத்தாக உருளும்.

காலணியின் அடிப்பாகம் பிரிந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, பசையோடு நிறுத்தாமல் நைலான் நூல் தையலும் போடச் சொல்லுங்கள். ஆனால் நடுவிலுள்ள நுரைப்பகுதி விரலால் அழுத்தும்போதே பொடிந்தால் காசைச் செலவழிக்க வேண்டாம். பசைக்குப் பிடிமானம் இருக்காது. கயிற்றையும் உள்தட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

அந்த முதல் கூடாரத்தின் தரைத்துணி போய்விட்டாலும், அதன் வார்களும் கொக்கிகளும் ஒரு டப்பாவில் இருக்கின்றன; என் முதுகுப்பையின் இடுப்பு வார் இப்போது அவற்றில் ஒன்றில்தான் மாட்டியிருக்கிறது.