சிஎன்ஜி வண்டில பிரஷர் சென்சார் போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி

கடலூர், பாண்டி பக்கம் சிஎன்ஜி வண்டி ஓட்டுறவங்க கிட்ட இப்ப அடிக்கடி கேக்குற புகார், ஃபுல் பண்ணிட்டு வந்தேன் ஆனா டிஸ்ப்ளேல பாதிதான் காட்டுது, இல்லன்னா கேஸ் இருக்கும்போதே வண்டி தானா பெட்ரோலுக்கு மாறிடுது. மெக்கானிக் கிட்ட போனா பாதி இடத்துல பானெட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே "சென்சார் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்"னு பதில் வந்துடுது. மாத்தி நாலு நாள்ல அதே தொந்தரவு திரும்ப வந்துச்சுன்னா கழட்டிப் போட்ட பழைய சென்சார் நல்லாவே இருந்திருக்கும்னு அர்த்தம், அந்தக் காசு வீண். டாக்ஸி ஓட்டிப் பொழைக்கிறவருக்கு அது சின்னக் காசு இல்ல.

சிலிண்டர்ல கேஸ் அழுத்தம் எவ்ளோன்னு அளந்து டிஸ்ப்ளேக்கு சொல்றதுதான் இந்த பிரஷர் சென்சார். அது சரியா தப்பான்னு அது கிட்டயே கேக்க முடியாது, வேற எதாவது ஒண்ணு வச்சு ஒத்துப் பாக்கணும். நிறைய வண்டில கேஸ் அழுத்தத்தக் கொறைச்சு இன்ஜினுக்கு அனுப்புற ரெகுலேட்டர் பக்கத்துலயே முள்ளு கேஜ் ஒண்ணு இருக்கும், அதப் பாருங்க. முள்ளு 180 பார்ல (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு) நிக்குது, டாஷ்போர்டுல ரெண்டு கட்டைதான் எரியுதுன்னா அப்ப சென்சார், வயர், டிஸ்ப்ளே மூணுல ஒண்ணுல கோளாறு. ரெண்டும் ஒரே மாதிரி கம்மியா காட்டுதுன்னா நெஜமாவே கேஸ் கம்மி. ஒண்ணு கவனிக்கணும், சில வெளி கிட்ல (கம்பெனில இல்லாம வெளில மாட்டுன சிஎன்ஜி செட்) சென்சார் அந்த கேஜ் மேலயே உக்காந்து முள்ளப் பாத்துதான் சிக்னல் குடுக்கும், முள்ளு சிக்கிக்கிச்சுன்னா ரெண்டுமே சேந்து பொய் சொல்லும். அந்த மாதிரி கிட்டா இருந்தா பங்க்ல மெஷின் காட்டுற பிரஷர வச்சுதான் ஒத்துப் பாக்கணும்.

அடுத்த தப்பு கேஸ் புடிச்ச உடனே செக் பண்றது. சிஎன்ஜி 200 பார் வரைக்கும் ஏத்துறாங்க, வேகமா ஏறும்போது சிலிண்டருக்குள்ள கேஸ் சூடாகும், சூட்டுல பிரஷர் தூக்கிக் காட்டும். வீட்டுக்கு வந்து நிறுத்தி ஆறுனதும் பத்து பதினஞ்சு பார், சில சமயம் அதுக்கும் மேல எறங்கிடும், இது லீக்கும் இல்ல சென்சார் கோளாறும் இல்ல. நம்ம ஊர் சித்திரை வெயில்ல மத்தியானம் ஒண்ணு, விடிகாலைல ஒண்ணுன்னு காட்டுறதும் இதனாலதான். அதே மாதிரி லாரில சிலிண்டர் அடுக்கிக் கொண்டாந்து குடுக்குற பங்க்ல, அந்த லாரி கேஸ் தீர்ற நேரத்துல போனீங்கன்னா 200 வரவே வராது, 150 பக்கத்துலயே நின்னுடும், மெஷின்ல பிரஷர் எவ்ளோன்னு பாத்துட்டு வாங்க.

வண்டியோட கோளாறு கோட படிக்கிற ஸ்கேனர் வச்சிருக்கவங்க பண்ற தப்பு இன்னும் மோசம். பி0452, பி0453ன்னு கோட் வந்து பக்கத்துல "ஃப்யூயல் டேங்க் பிரஷர் சென்சார்"னு காட்டுனதும் சிஎன்ஜி சிலிண்டர் சென்சார ஆர்டர் போட்டுடுறாங்க. அந்த கோட் பெட்ரோல் டேங்க்ல வர்ற ஆவியோட அழுத்தத்த அளக்குற சென்சாருக்கானது, அது அளக்குறது ரொம்பச் சின்ன அழுத்தம், 200 பாருக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. நம்ம சிஎன்ஜி கார் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கும் சேந்து வர்றதால இந்தக் கொழப்பம் வந்துட்டே இருக்கு. சிஎன்ஜி பக்கத்து கோட் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம், வயரிங். சிஎன்ஜி பிரஷர் சென்சார்ல பெரும்பாலும் மூணு வயர் வரும், ஒண்ணுல 5 வோல்ட், ஒண்ணு எர்த்து, ஒண்ணு சிக்னல். நிறைய சென்சார்ல பிரஷர் இல்லாதப்ப சிக்னல் 0.5 வோல்ட், அளவோட உச்சத்துல 4.5 வோல்ட். 250 பார் வரைக்கும் அளக்குற சென்சார்னு வச்சுக்குங்க, சிலிண்டர்ல 100 பார் இருந்தா 2.1 வோல்ட் வரணும், கேஜ்லயும் 100 சிக்னல்லயும் 2.1 வந்துட்டா அந்த சென்சார் மேல குத்தம் சொல்லாதீங்க. அசையாம பூஜ்யத்துலயே நின்னா 5 வோல்ட் வர்ற வயர் அறுந்திருக்கலாம், 5 வோல்ட் கிட்டயே நின்னா எர்த்து போயிருக்கலாம். இந்த 5 வோல்ட பல வண்டில வேற சென்சாருங்களும் பங்கு போட்டுக்கும், அதுல ஏதாவது ஒண்ணு ஷார்ட் ஆனாலும் எல்லாத்தையும் சேத்து கீழ இழுத்துடும், அதனால 5 வோல்ட் வரலன்னா மத்த சென்சார் கனெக்டர ஒவ்வொண்ணா கழட்டி எப்ப திரும்ப வருதுன்னு பாக்கணும். இன்னொண்ணு, சென்சார் கனெக்டர கழட்டுனா ஸ்கேனர்ல ரீடிங் மாறியே ஆகணும், மாறவே இல்லன்னா பெரும்பாலும் தொந்தரவு வயர்ல, இல்ல ஈசியூல (வண்டியோட கம்ப்யூட்டர்). டெஸ்ட் லாம்ப் வச்சு குத்தறத மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க, அது இழுக்குற கரெண்ட்ல ஈசியூ போயிடலாம். மல்டிமீட்டர் முனைய பின்னுக்குள்ள திணிக்கவும் கூடாது, பின் விரிஞ்சு லூஸ் ஆகி புதுசா ஒரு வியாதி வந்துடும், கனெக்டர் பின்பக்கமா வயர் ஓரத்துல மெல்லிசான ஊசி விட்டு அளங்க.

நம்ம கடலோரத்துல இதுக்கு மேல ஒரு சங்கதி இருக்கு. உப்புக் காத்து. முதுநகர், தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் பக்கம் வெளியிலயே நிக்கிற வண்டி கனெக்டர கழட்டிப் பாருங்க, பின் மேல பச்சையா பூத்திருக்கும். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்தப்ப தண்ணில நின்ன வண்டி எத்தனையோ, அப்ப கனெக்டருக்குள்ள போன ஈரம் மாசக்கணக்கா உள்ளுக்குள்ள அரிச்சிட்டு பிறகுதான் வேலையக் காட்டும். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வச்சு, ரப்பர் சீல் கிழிஞ்சிருக்கான்னு பாத்து திரும்ப மாட்டுங்க, வண்டிய நிறுத்தி இன்ஜின மட்டும் ஓட விட்டு வயர லேசா ஆட்டிப் பாருங்க, ஆட்டும்போது ரீடிங் குதிச்சா எடம் அதுதான். வாட்டர் சர்வீஸ்ல இந்தப் பக்கம் நேரா பிரஷர் தண்ணி அடிக்க வேணாம்னு சொல்லிடுங்க.

வண்டி தானா பெட்ரோலுக்கு மாறுறதுக்கு ஃபில்டர் அடைப்பும் காரணமா இருக்கும், சிலிண்டர்ல கரெண்ட்ல தொறந்து மூடுற சாலினாய்டு வால்வ் சரியா தொறக்காததும் இருக்கும். சிலிண்டர் பக்கம் பிரஷர் நல்லாருந்து, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது இன்ஜெக்டர் பக்கத்து பிரஷர் மட்டும் விழுதுன்னா அந்த வழில தேடுங்க.

கடைசியா இருக்கறதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பிரஷர் இருக்கும்போது சென்சார ஸ்பானர் போட்டு கழட்டக் கூடாது, 200 பார்ல தெறிச்சா சென்சாரே குண்டு மாதிரி வரும். சிலிண்டர் மேல இருக்குற கை வால்வ மூடிட்டு வண்டிய சிஎன்ஜில ஓட விட்டா பைப்ல இருக்குற கேஸ் எறங்கும், ஆனா பிரஷர் கம்மியானதும் வண்டி பெட்ரோலுக்கு மாறிடும், அப்பவும் பைப்ல மிச்சம் இருக்கு, காலின்னு நெனச்சுடாதீங்க. இந்த வேலைய சிஎன்ஜி வேலை தெரிஞ்ச, லைசென்ஸ் இருக்குற எடத்துல, காத்தோட்டமான வெளில வச்சு பண்ணச் சொல்லுங்க, கழட்டறது வீட்டு வேலையே இல்ல. புதுசு வாங்கும்போது பழைய சென்சார் வோல்ட் குடுக்குற வகையா, ஓம்ஸ் மாறுற வகையான்னு பாத்து அதே வகை வாங்கணும், வெளி கிட்னா ஈசியூ செட்டிங்லயும் அந்த சென்சார் வகைய தேர்வு பண்ணணும், இல்லன்னா புது சென்சாரே தப்பாத்தான் காட்டும். மாட்டுனதும் வால்வ மெதுவா தொறந்து ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவி, ஒரு குமிழி கூட வரலன்னு உங்க கண்ணால பாத்துட்டு வண்டிய எடுங்க.