ஐப்பசி மழைக்கு முன்னால்: கரையில் நின்று கிழங்கான் பிடிப்பதும் குழம்பு வைப்பதும்

புரட்டாசிக் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரை நம் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். தென்மேற்குப் பருவக் காற்று ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் இறங்கியிருக்காது. அதிகாலையில் கரையிலிருந்து கடல் பக்கம் மேல்காற்று மெல்ல வீசி அலையைத் தணித்து வைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி என்பதால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் தூண்டில் பழக நினைப்பவர்களுக்கு நல்ல காலம். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் அதுவரை பிடித்துப் பழகிவிட்டு ஐப்பசி முதல் தேதி குழம்பு வைக்கலாம்.

எந்த மீனைக் குறி வைப்பது என்று கேட்டால், தயங்காமல் கிழங்கான் என்பேன். படகு வேண்டாம், விலை உயர்ந்த கம்பு வேண்டாம், மணல் கரையில் இடுப்பளவு ஆழத்திலேயே மேயும் மீன் அது. புதிதாக வருகிற பலரும் பெரிய பாறை மீன், கொடுவா என்று மனதில் வைத்துக்கொண்டு, கனமான ஈயத்தைக் கட்டி முடிந்த மட்டும் தூரமாக வீசுகிறார்கள். மீனோ அவர்கள் வீசிய இடத்துக்கும் நிற்கிற இடத்துக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும். கிழங்கானுக்குப் பதினைந்து இருபது மீட்டர் வீசினாலே போதும், பல நாட்களில் அதுவே அதிகம்.

இடம் பார்ப்பதுதான் பாதி வேலை. கோவளம் மாதிரி ஒரு மணல் கரைக்குப் போனால் வந்தவுடனே வீசாதீர்கள், பத்து நிமிடம் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று அலையைப் பாருங்கள். அலை முதலில் வெளியே ஓரிடத்தில் உடையும், அங்கே மணல் திட்டு இருக்கிறது. அப்புறம் கொஞ்ச தூரம் உடையாமல் வந்து கரையில் மறுபடி உடையும். இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் சற்றுக் கருத்துத் தெரிகிற பள்ளம் இருக்கிறதே, கிழங்கான் கூட்டம் அதற்குள்தான் போய்வரும், ஏனென்றால் அலை மணலைக் கிளறி விடுகிற புழு, சிறு இறால், மட்டி எல்லாம் அங்கே வந்து தங்கும். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் எல்லா இடத்திலும் அலை உடைந்துகொண்டிருக்க, ஒரு இடம் மட்டும் அமைதியாக, நுரை கடல் பக்கமாக ஓடுவதுபோல் தெரிந்தால் அது இழுப்பு நீரோட்டம். அதன் ஓரத்தில் தூண்டில் போடலாம், கால் வைக்கக் கூடாது.

நேரம் என்றால், விடியற்காலையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனாலும் அந்த நாட்களில் தண்ணீர் ஓட்டம் நன்றாக இருக்கும், மீனும் இரை எடுக்கும். நாள்காட்டியில் அமாவாசை பார்த்துக் கடலுக்குப் போவது வெறும் நம்பிக்கை இல்லை.

முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற இடங்களில் மழைத் தண்ணீர் பெருகி மணல் திட்டு உடைந்து வாய் திறந்துவிட்டால், உள்ளே வளர்ந்த இறால் கடலுக்கு இறங்கும், அதைத் தின்னக் கொடுவாவும் பாறையும் வாயிலேயே காத்திருக்கும். மீன் பிடிக்க அருமையான நேரம்தான், ஆனால் திறந்த வாயில் ஓட்டம் ஆளையே இழுத்துப் போகும், விளிம்பு மணல் காலுக்கடியில் சரியும். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று வீசுங்கள், துணைக்கு ஆள் இல்லாமல் போகவே வேண்டாம்.

சரி, சாமான்களுக்கு வருவோம். ஏழு எட்டு அடிக் கம்பு, சின்ன ரீல், 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு. ஈயம் 20 முதல் 40 கிராம், அலைக்குத் தகுந்தபடி. தூண்டில் முள் கண்டிப்பாகச் சின்னதாக இருக்க வேண்டும், 8-ஆம் எண் பொருத்தமாக இருக்கும் (எண் கூடக்கூட முள் சிறிதாகும், கடையில் வாங்கும்போது குழம்ப வேண்டாம்). கிழங்கானுக்கு வாய் சின்னது, பெரிய முள்ளில் இரையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். நடுவில் துளையுள்ள ஈயத்தை நரம்பில் கோத்து ஓட விடுங்கள், அதன் கீழே ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு இணைப்பு), ஸ்விவலிலிருந்து அரை மீட்டர் மெல்லிய நரம்பு, நுனியில் முள். ஈயம் தனியாக ஓடுவதால் மீன் இரையை இழுக்கும்போது கனம் தெரியாது, விட்டுவிட்டு ஓடாது.

இரைக்குச் சந்தையில் வாங்கிய சின்ன இறாலே நன்றாக வேலை செய்யும். ஓட்டை உரித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, முள்ளை மறைத்துக் கோக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது. கரையிலேயே அலை திரும்பும்போது மணலுக்குள் புதைகிற முட்டை வடிவச் சிறு நண்டுகளையும் மட்டியையும் தோண்டி எடுக்கலாம், அந்தக் கரை மீன் தினமும் தின்கிற இரை அதுதான்.

வீசிய பிறகு சும்மா விட்டுவிடாதீர்கள். ஈயம் தரையில் உட்கார்ந்ததும் நரம்பை இறுக்கி, மிக மெதுவாக, ஒரு சாண் இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு சாண் என்று கொண்டு வாருங்கள். ஈயம் மணலில் கிளப்பும் கலங்கலைப் பார்த்தே கிழங்கான் பின்னால் வரும். டக் டக் என்று இரண்டு தட்டு தட்டும். அந்த இடத்தில்தான் எல்லோரும் வெட்டி இழுக்கிறார்கள், வேண்டாம். கம்பைக் கொஞ்சம் முன்னால் தளர்த்திக் கொடுத்து, கனமாக இழுபடும்போது மெல்லத் தூக்கினால் போதும். ஒன்று கிடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போடுங்கள், கூட்டமாகத்தான் வந்திருக்கும். 15 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக் கையை நனைத்துப் பிடித்து உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் தொடாதீர்கள், முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கிற முள்ளில் விஷம் உண்டு. திருக்கையின் வால் முள்ளும் அப்படித்தான். குத்திவிட்டால், தோல் பொறுக்கிற அளவு வெந்நீரில் குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி இறங்கும், அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பை ஊதிக்கொள்கிற பேத்தை மீனை எந்தக் காரணம் கொண்டும் சமைக்கக் கூடாது, அதன் விஷம் கொதித்தாலும் போகாது. கரைவலை இழுக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கம் தூண்டில் போட வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. அந்த ஊர் அண்ணன்மாரிடம் இரண்டு வார்த்தை கேட்டாலே எங்கே நிற்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். புயல் கூண்டு ஏற்றியிருந்தாலோ, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் உயர் அலை எச்சரிக்கை விட்டிருந்தாலோ வீட்டிலேயே இருங்கள்.

பிடித்த மீனை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டால் வெயில் ஏறும்போது சதை தளர்ந்துவிடும். கிழங்கான் சதை மென்மையானது, சீக்கிரம் கெடும். தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸும் கொஞ்சம் கடல் தண்ணீரும் கலந்து, பிடித்தவுடன் அதற்குள் போடுங்கள். குழம்பின் ருசியில் பாதி இந்தப் பெட்டியில் இருக்கிறது, மசாலாவில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப் பக்கம் செதிலைச் சுரண்டி, செவுளையும் குடலையும் எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புச் சவ்வை விரலால் தேய்த்து நீக்குங்கள், கசப்பு அதில்தான். கல் உப்பும் மஞ்சளும் போட்டு மெதுவாக அலசவும்.

அரை கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி. மண்சட்டியில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு வதக்கி, இரண்டு தக்காளி போட்டுக் குழைய விடுங்கள். மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், மூன்று தேக்கரண்டி மல்லித்தூள் போட்டுத் தீய்க்காமல் கிளறி, புளிக் கரைசலும் உப்பும் சேர்த்து, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே பிரியும் வரை கொதிக்கட்டும். குழம்பு முழுதாகத் தயாரான பிறகுதான் மீன். தீயைக் குறைத்து ஒவ்வொன்றாக இறக்கி, ஐந்தாறு நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறினால் கிழங்கான் உதிர்ந்துவிடும், சட்டியைத் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். இறக்கி ஒரு மணி நேரமாவது மூடி வைத்தால்தான் புளி மீனுக்குள் இறங்கும்.

சின்ன மீன்களை வறுவலுக்கு ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மிளகு, சீரகம், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு மிதமான தீயில் ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டு எடுக்கவும். முள் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு இதைப் பிரித்துக் கொடுப்பது எளிது.

குழம்பு மிஞ்சினால் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடு பண்ணும்போது மீனை முதலில் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் கொதிக்கவைத்து, கடைசியில் மீனைப் போட்டுச் சூடேறியதும் அடுப்பை அணைத்தால் துண்டு முழுசாகவே இருக்கும்.