காம்பு வெடித்து வலிக்கும் தாய்மாருக்கு

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் இந்தத் தொல்லை உச்சத்துக்கு வரும். பால் இறங்கி மார்பு கனத்திருக்கும். பிள்ளை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கேட்கும். வாயில் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிடும். "தலைச்சன் பிள்ளைக்கு அப்படித்தான், போகப் போகத் தோல் தடித்துவிடும்" என்று தோட்டத்து லயத்துப் பாட்டிமார் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. முதல் வாரத்தில் பிள்ளை கவ்வியதும் அரை நிமிடம் சுருக்கென்று இருந்து அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. குடித்து முடிக்கும்வரை வலித்தால், தோல் வெடித்தால், பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறது. அதைத் திருத்தாமல் எத்தனை களிம்பு தடவினாலும் புண் ஆறாது, அடுத்த தடவை மறுபடி வெடிக்கும்.

பிள்ளை வாயை எடுத்த கையோடு காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டிருந்தால் சரி. புது லிப்ஸ்டிக்கின் முனை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நசுங்கியிருந்தால், அல்லது குறுக்கே வெள்ளைக்கோடு விழுந்திருந்தால், அது பிள்ளையின் மேலண்ணத்தில் கெட்டியான இடத்தில் மாட்டி நசுங்குகிறது. இன்னும் உள்ளே, மெத்தென்ற அண்ணம் வரை போனால்தான் தப்பும். அதற்குக் காம்பைச் சுற்றிய கருவட்டமும் நிறைய வாய்க்குள் போகவேண்டும்.

உட்காரும் விதத்திலிருந்து ஆரம்பியுங்கள். தரையில் காலை நீட்டி, பிள்ளையை மடியில் போட்டுக் குனிந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். குனிந்து கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முதுகு தளர்ந்து நிமிர்வீர்கள். அப்போது காம்பு பிள்ளையின் வாயிலிருந்து பாதி இழுபட்டு வந்துவிடும். சுவரில் நன்றாகச் சாய்ந்து, மடியில் இரண்டு தலையணை வைத்து, பிள்ளையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில், வயிறு உங்கள் வயிற்றை ஒட்டி இருக்கவேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாராலும் விழுங்க முடியாது. ஆபரேஷன் செய்தவர்கள் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கி, கால்கள் பின்பக்கம் போகிற மாதிரிப் பிடித்தால் தையலில் பாரம் விழாது.

இனி கவ்வ வைப்பது. பிள்ளையின் மூக்குக்கு நேரே காம்பு இருக்கட்டும், வாய்க்கு நேரே வேண்டாம். காம்பால் மேலுதட்டை லேசாகத் தொடுங்கள். பிள்ளை முதலில் கொஞ்சமாகத்தான் வாயைத் திறக்கும், அப்போது கொடுக்காதீர்கள். கொட்டாவி விடுகிற மாதிரி அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்த நொடியில் தோளைப் பிடித்து உங்களிடம் சேர்த்து அணையுங்கள். தாடை முதலில் மார்பில் பதியவேண்டும். பின்மண்டையை அழுத்தினால் பிள்ளை முரண்டு பிடிக்கும். சரியாகக் கவ்வியிருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரியும், கன்னம் குழி விழாது, விழுங்கும் சத்தம் கேட்கும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் பிடி விட்டுப்போகிறது. அரை நிமிடத்துக்கு மேல் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நகம் வெட்டிய சுத்தமான சுண்டு விரலைப் பிள்ளையின் வாயோரத்தில் நுழைத்து, பிடி தளர்ந்த பிறகு எடுத்து மறுபடி முயலுங்கள். அப்படியே வெடுக்கென்று இழுப்பதாலேயே பாதிப் புண் வருகிறது.

மார்பு கல் மாதிரி இறுகியிருந்தால் எந்தப் பிள்ளையாலும் கவ்வ முடியாது. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கருவட்டம் இளகும். கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள்.

வெடித்த புண்ணுக்குச் செய்யவேண்டியது கொஞ்சம்தான். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள், பசி வேகத்தில் பிள்ளை பலமாக இழுக்கும். முடித்ததும் சில துளி பாலைப் பிழிந்து காம்பில் தடவிக் காற்றில் உலரவிடுங்கள். பார்மசியில் கிடைக்கும் சுத்தமான லானோலின் களிம்பைப் பட்டாணி அளவு தடவலாம், அடுத்த தடவை துடைக்க வேண்டியதில்லை. ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஒரு நிமிடம் நனைப்பதும் இதம் தரும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்குங்கள், நனைத்த பிறகு நல்ல நீரில் அலசுங்கள், பிள்ளைக்கு உப்புக் கரிக்கும். பிரா புண்ணில் ஒட்டிக்கொண்டால் நீரில் நனைத்தே எடுங்கள். சோப்பு, டெட்டால், கற்பூரத் தைலம் எதுவும் வேண்டாம். தேனை யார் சொன்னாலும் தடவாதீர்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனில் இருக்கக்கூடிய கிருமி உயிராபத்து. வலி தாளாவிட்டால் 500 மில்லிகிராம் பனடால் (பாரசிட்டமால்) இரண்டு, கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போடலாம். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக்கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போடட்டும்.

புண்ணிலிருந்து வரும் ரத்தம் பாலில் கலந்து பிள்ளை கக்கினால் பதறவேண்டாம், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. வாயில் வைக்கவே முடியாத அளவு வலியென்றால் அந்தப் பக்கத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். ஆனால் பாலை அப்படியே விட்டுவிடாதீர்கள், கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால் பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சிறு கிண்ணம்) புகட்டலாம். போத்தலுக்கு அவசரமில்லை.

தகரக் கூரை வீட்டில் மதியத்தில் மார்பில் வியர்வை வடிந்துகொண்டே இருக்கும். பிராவுக்குள் வைக்கும் பேட் நனைந்தால் உடனே மாற்றுங்கள், நைலான் பிராவை விட்டுப் பருத்திக்கு வாருங்கள். ஆண்டுக் கடைசி மழையில் துணி சரியாகக் காயாமல் அரை ஈரத்தில் போட்டால் பூஞ்சைக் காளான் பிடிக்க வாய்ப்பு அதிகம். கவ்வுதல் சரியாக இருந்தும், நன்றாக இருந்த காம்பு திடீரென எரிய ஆரம்பித்து, குடித்து முடித்த பிறகும் உள்ளே ஊசி குத்துகிற மாதிரி இருந்தால், பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் மாறி மாறித் தொற்றும். குடித்ததும் காம்பு வெளுத்து நீலம் பாரித்து வலித்தால் அது வேறு, குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவது. ஏர்கோன், ஃபேன் காற்று படாமல் உடனே மூடி, உள்ளங்கையால் சூடு கொடுங்கள்.

மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். அது முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பால் பீய்ச்சும் பம்ப் வாங்குகிறவர்கள், பெட்டியில் வந்த, மார்பில் பொருத்தும் புனல் தங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. காம்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, அதைவிட 2, 3 அதிகமுள்ள புனலை எடுங்கள். காம்பு ஓரத்தில் உரசினால் சிறியது, கருவட்டமும் உள்ளே இழுபட்டால் பெரியது. இழுவிசையைக் கூட்டினால் பால் கூடாது, புண்தான் கூடும்.

பிள்ளை பிறந்த முதல் நாட்களில் கிளினிக் டேசாவிலிருந்து (கிராமத்து அரசு கிளினிக்) மிஸ்ஸி, அதாவது தாதி, வீட்டுக்கு வருவார். பிள்ளையின் எடையைப் பார்த்து அனுப்பிவிடாமல், அவர் முன்னாலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் நசுங்கல் நிற்கவில்லை என்றால் பிள்ளையின் நாக்கின் அடியில் தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மார்பில் சிவந்த திட்டோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால், அல்லது புண்ணில் சீழ் வைத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போகிற வழியிலும் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம், பால் தேங்கினால் வீக்கம் இன்னும் ஏறும்.